விரல் எங்கே, ஸ்விட்ச் எங்கே: லேசர் வைத்த சிறு பிஸ்டல்களில் எதை வாங்குவது?

ஐம்பது வயதைத் தாண்டியதும் சுடுதளத்தில் என்னை முதலில் கைவிட்டது கண்தான். வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தொல்லை புரியும். பிஸ்டலின் முன்குறி, அதாவது குழல் நுனியில் குறிபார்க்க உள்ள சிறு மேடு, கை நீட்டிய தூரத்தில், கண்ணிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறது. சுட வேண்டிய அட்டையோ இருபது அடிக்கு அப்பால் தொங்குகிறது. படிக்கும் கண்ணாடி போட்டால் முன்குறி தெளிகிறது, அட்டை கரைந்துபோகிறது. கண்ணாடியைக் கழற்றினால் அட்டை தெரிகிறது, முன்குறி புகைபோல் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே தலையை ஆட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, ஹூஸ்டனில் இருந்து வந்திருந்த மைத்துனர் சிரித்தார். "அத்தான், உங்களுக்குத் தேவை லேசர். புள்ளி அட்டையின் மேலேயே விழும், நீங்கள் அதை மட்டும் பார்த்தால் போதும்."

சொன்னது சரிதான். ஆனால் "லேசர் வாங்குங்கள்" என்பது "கார் வாங்குங்கள்" என்பது போன்ற ஆலோசனை. எந்தத் துப்பாக்கியில், எந்த இடத்தில், எந்த நிறத்தில், எப்படி எரியும் லேசர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டாலஸ் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்ரோல் நிலையக் கடை நடத்துகிறேன். இரவு பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் காருக்கு நடக்கும் ஐம்பது அடி தூரம்தான் என் கவலை. வார இறுதிகளில் மனைவியும் கல்லாவில் நிற்பார். இருவருக்குமாகச் சேர்த்து மூன்று மாதம் வாடகைத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தோம். அந்த அலைச்சலில் தேறியதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்திருக்கலாம். ஆனாலும் நாங்கள் உரிமம் எடுத்தோம். வேறு பல மாநிலங்களில் அது செல்லுபடியாகும், வகுப்பில் சட்டத்தையும் சொல்லித் தருகிறார்கள். நம்மவர்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில குறுகிய விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. நண்பரோடு சுடுதளத்துக்குப் போய் ஒரு முறை கையில் வாங்கிப் பார்ப்பதுகூட 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குள் வரலாம். கிரீன் கார்டு வந்த பிறகே இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படும்.

சிறு பிஸ்டலுக்கு லேசர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2008-இல் ரூகர் நிறுவனம் எல்சிபி என்ற பிஸ்டலை வெளியிட்டது. .380 தோட்டா, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) ஆறு, குழலில் ஒன்று, 2.75 அங்குலக் குழல், காலியாக இருக்கும்போது 270 கிராம் எடை. சட்டைப்பையில் போட்டால் கைப்பேசியைவிடக் கொஞ்சம்தான் கனம். அதன் முதல் பதிப்பில் குறி என்று சொல்லத்தக்கதே கிடையாது. ஸ்லைடின், அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியின், மேல் அரிசிமணி அளவுக்கு ஒரு மேடு, பின்னால் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். பையில் சிக்காமல் வெளியே வர வேண்டும் என்று வேண்டுமென்றே வழுவழுப்பாகச் செய்தார்கள். பகலிலேயே பார்க்க முடியாத குறியை இரவில் எப்படிப் பார்ப்பது? அந்த இடைவெளியை நிரப்பத்தான் லேசர் வந்து உட்கார்ந்தது. அப்போது ஓரிகானில் இயங்கிய க்ரிம்ஸன் டிரேஸ் நிறுவனம், விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்கூண்டின் முன்பக்கம் கவ்விக்கொள்ளும் 'லேசர்கார்டு' என்ற சிறு பெட்டியை இதற்கென்றே செய்தது.

லேசர்கார்டு மாட்டிய எல்சிபியைத்தான் நான் முதலில் எடுத்தேன். பிடியை இறுக்கியவுடன் நடுவிரலுக்கடியில் ஒரு ரப்பர் பொத்தான் அழுந்துகிறது, சிவப்புப் புள்ளி எரிகிறது. பிடியைத் தளர்த்தினால் அணைகிறது. யோசிக்க வேண்டியது எதுவும் இல்லை. மகிழ்ச்சி அங்கே முடிந்தது. பத்தாவது குண்டில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல் சிவந்துவிட்டது. 270 கிராம் இரும்பும் பிளாஸ்டிக்கும் அந்த உதைப்பை வாங்கிக்கொள்வதில்லை, அப்படியே கைக்குக் கடத்திவிடுகிறது. முதல் பதிப்பில் கடைசித் தோட்டா போன பிறகு ஸ்லைடு பின்னால் நிற்பதும் இல்லை, காலியான துப்பாக்கியின் விசையை இழுத்த பிறகுதான் காலி என்று தெரிகிறது. 2016-இல் வந்த எல்சிபி 2 இந்தக் குறையைச் சரிசெய்தது. என் கணக்கில் எல்சிபி, பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கான இரண்டாவது பிஸ்டல். முதலாவதாக வாங்கினால் வலிக்குப் பயந்து பயிற்சியையே விட்டுவிடுவீர்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2010-இல் கொண்டுவந்த பாடிகார்டு 380 இதற்கு நேர் போட்டி. லேசரைச் சட்டகத்துக்குள்ளேயே பதித்து விற்றார்கள், தனியாக எதுவும் மாட்ட வேண்டியதில்லை. எடை சுமார் 340 கிராம். குறிகள் உண்மையான குறிகள். கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு நிற்கிறது. காகிதத்தில் எல்சிபியை எல்லா வகையிலும் வென்ற துப்பாக்கி. பிறகு ஏன் வாங்கவில்லை? பொத்தான். விசைக்கூண்டுக்கு முன்னால், சட்டகத்தின் இரு பக்கமும் சிறு பொத்தான் இருக்கிறது. அதை விரலால் தட்டினால்தான் புள்ளி எரியும். விசைக்குப் போக வேண்டிய விரலை முன்னால் நீட்டி, அழுத்தி, திரும்பக் கொண்டுவர வேண்டும். சுடுதளத்தில் நிதானமாக நிற்கும்போதே நான் பத்தில் மூன்று முறை மறந்தேன். பயந்து நடுங்கும் நேரத்தில் நினைவிருக்குமா?

அன்று முடிவு செய்தேன்: லேசரில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்விட்ச் இருக்கும் இடம். நிறம், விலை, கம்பெனிப் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த ஸ்விட்ச் விஷயத்தில் சந்தையில் கிடைப்பவை மூன்று நான்கு வகைதான். பிடியை இறுக்கினால் எரிவது முதல் வகை. க்ரிம்ஸன் டிரேஸின் பெயர் இதில்தான் நிலைத்தது. பொத்தானைத் தட்டி எரிய வைப்பது இரண்டாவது. விரிடியன் நிறுவனத்தின் இ-சீரிஸ் லேசர்களும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு பிஸ்டலில் தொழிற்சாலையிலேயே பதித்து வந்த லேசரும் இந்த வகை. இதே விரிடியன் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தது: உறைக்குள் ஒரு சிறு காந்தம், துப்பாக்கியை உருவியவுடன் காந்தம் விலகி லேசர் தானாக எரியும். யோசனை அழகு. ஆனால் காந்தம் பொருந்திய உறையைத்தான் வாங்க வேண்டும், வேறு உறைக்கு மாறினால் வித்தை போய்விடும். ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் சுருளின் நடுத்தண்டுக்குப் பதிலாக லேசரையே உள்ளே வைக்கும் லேசர்மேக்ஸ் வகையும் உண்டு, வெளியே எதுவும் துருத்தாது. ஆனால் எல்லாப் பிஸ்டல்களுக்கும் கிடையாது.

பிடியை இறுக்கும் வகையிலும் ஒரு பொறி இருக்கிறது. கைப்பிடித் தகட்டிலேயே லேசரைப் பதித்த 'லேசர்கிரிப்'களில் ஒளி வலப்பக்க மேல் மூலையிலிருந்து கிளம்புகிறது. விசையில் விரல் வைக்காமல் சட்டகத்தை ஒட்டி நீட்டி வைத்திருப்பதுதான் பாதுகாப்பான பழக்கம், எல்லாப் பயிற்சியாளர்களும் அதைத்தான் அடித்துச் சொல்வார்கள். வலக்கைக்காரர் அப்படி வைத்தால் அந்த விரலே ஒளியை மறைத்துவிடும். புள்ளி தெரியவில்லையே என்று விரலை விசைக்குக் கொண்டுபோகத் தூண்டும் கருவியை நான் நம்ப மாட்டேன். விசைக்கூண்டுக்கடியில் லேசர் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

நிறத்துக்கு வருவோம். கடைகளில் பச்சைக்கு நூறு டாலர் கூடக் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பொதுமக்களுக்கு விற்கும் துப்பாக்கி லேசர்களின் திறன் 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சிவப்புக்கும் பச்சைக்கும் உச்சவரம்பு ஒன்றுதான். வித்தியாசம் நம் கண்ணில். பகலில் மனிதக் கண்ணின் ஒளியுணர்வு 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உச்சத்தில் இருக்கிறது. பச்சை லேசர் 520 அல்லது 532, அந்த உச்சத்துக்குப் பக்கம். சிவப்பு லேசர் 635 முதல் 650 வரை, சரிவின் கீழே. அதே அளவு ஒளியைப் பச்சையாகக் கண் வாரிக்கொள்கிறது, சிவப்பாக விட்டுவிடுகிறது. ஆகஸ்ட் மாதத்து டெக்சஸ் வெயிலில் வெளிச் சுடுதளத்தில் நின்று பார்த்தேன். பத்து கஜத்தில் சிவப்புப் புள்ளியைத் தேடித் தேடிக் கண் கலங்கியது, பச்சை தெரிந்தது. மாலை மங்கியதும் இரண்டும் ஒன்றுபோல் எரிந்தன. இரவுக் கடைக்காரனான எனக்குச் சிவப்பே போதும். பகலில் வெளியே நடமாடுபவர் பச்சைக்குச் செலவழிக்கலாம். பழைய 532 வகைப் பச்சை லேசர்கள் அகச்சிவப்பு ஒளியைப் படிகத்தில் மாற்றிப் பச்சை ஆக்குபவை. பேட்டரியை வேகமாகத் தின்னும், குளிரில் மங்கும். நேரடியாகப் பச்சை உமிழும் 520 வகை டையோடுகள் அந்தத் தொல்லையைக் குறைத்துவிட்டன. பழையதை வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

புள்ளி விழுந்த இடத்தில் குண்டு விழும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. லேசர், துப்பாக்கிக் குழலுக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு கஜத்தில் இரண்டும் சேரும்படி திருகினால், பதினான்கு கஜத்தில் குண்டு புள்ளிக்கு ஓர் அங்குலம் கீழே விழும், இருபத்தொரு கஜத்தில் இரண்டு அங்குலம் கீழே. ஏழு கஜத்தைவிடக் கிட்டத்தில் என்றால் புள்ளிக்கு மேலே விழும். பத்து கஜத்துக்குள் இதைப் பொருட்படுத்த வேண்டாம், ஒரு தட்டின் அகலத்துக்குள் அடங்கிவிடும். எந்தத் தூரத்தில் பொருத்தினோம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நான் ஏழு கஜத்தில் பொருத்தினேன். என் கடைக்கதவுக்கும் கல்லாவுக்கும் உள்ள தூரமும் கிட்டத்தட்ட அதுதான்.

இனி 9 மி.மீ. பிஸ்டல்கள். .380-க்கும் 9 மி.மீ.-க்கும் குண்டின் பருமன் ஏறக்குறைய ஒன்றே. தோட்டாக் கூட்டின் நீளம் 17 மி.மீ. என்பதற்குப் பதில் 19 மி.மீ., குண்டும் கனம், வேகமும் கூட. 2012-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு, தட்டையான உடம்பில் ஏழு அல்லது எட்டுத் தோட்டாக்களோடு 9 மி.மீ.-ஐச் சட்டைக்கடியில் மறைத்துக் காட்டியது. 2018 தொடக்கத்தில் சிக் சாவரின் பி365 வந்து, அதே அளவு உடம்பில் மேகசினுக்குள் பத்துத் தோட்டாக்களை அடுக்கியது. எடை சுமார் 500 கிராம், எல்சிபியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த எடைதான் வரம். எல்சிபியில் பத்துக் குண்டுக்குக் கை சிவந்த எனக்கு, பி365-இல் ஐம்பது சுட்ட பிறகும் இன்னொரு பெட்டி வாங்கலாமா என்று தோன்றியது. சின்னத் தோட்டா, சின்னத் துப்பாக்கி என்றால் உதைப்பும் சின்னது என்று நினைத்துத்தான் பலர் .380-க்குப் போகிறார்கள். உதைப்பைத் தீர்மானிப்பதில் துப்பாக்கியின் எடைக்கும் பிடியின் நீளத்துக்கும் பாதிப் பங்கு உண்டு.

ஆனால் இந்தத் தலைமுறைப் பிஸ்டல்கள் லேசருக்கு ஒரு புதுப் போட்டியாளரையும் கொண்டுவந்தன. ஸ்லைடின் மேலே சிறு கண்ணாடிச் சன்னல் வைத்து, அதற்குள் புள்ளி காட்டும் கருவி. இங்கே 'ரெட் டாட்' என்கிறார்கள். அதன் புள்ளி கண்ணுக்குத் தூரத்தில் மிதப்பதுபோல் தெரிவதால் வெள்ளெழுத்துக்காரனுக்கும் அது மருந்துதான். வெயிலில் மங்காது. ஹோலோசன் போன்ற கம்பெனிகள் ஒல்லிப் பிஸ்டல்களுக்கென்றே சிறியவை செய்கின்றன. மைத்துனரே இப்போது அதற்கு மாறிவிட்டார், எனக்கு லேசர் வாங்கச் சொன்ன அதே மனிதர். நேர்மையாகச் சொன்னால், வாரா வாரம் பயிற்சி செய்பவருக்கு ரெட் டாட்டே மேல். செய்யாதவருக்கு அல்ல. துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே ஒரே கோணத்தில் தூக்கும் பழக்கம் வராதவரை, அந்தச் சன்னலுக்குள் புள்ளி அகப்படவே அகப்படாது. காலியான சன்னலைப் பார்த்துக்கொண்டு கையை ஆட்டுவீர்கள். லேசருக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். நெஞ்சளவில் பிடித்தாலும் புள்ளி சுவரில் விழும்.

மனைவிக்குத் தேடியது வேறு கதை. அவர் இடக்கைக்காரர். போதாததற்குக் கட்டைவிரல் மூட்டில் வாதம். ஷீல்டு, பி365 இரண்டின் ஸ்லைடையும் இழுக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். சுடுதளத்தில் இருந்த வயதான பயிற்சியாளர் அம்மா ஓடிவந்து, "இழுக்காதே, பிடியை முன்னால் தள்ளு" என்று காட்டினார். பாதி தேறியது. சிக் சாவரின் பி238, .380 பிஸ்டல்களில் இழுக்க மிக இலகுவானது, விசையும் வெண்ணெய். அதற்கு லேசர்கிரிப்பும் கிடைக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்ததில் பாதுகாப்புத் தடுப்பு இடப்பக்கம் மட்டும் இருந்தது. இடக்கைக்காரரின் கட்டைவிரல் அங்கே எட்டாது. ஐந்து தோட்டா ரிவால்வரையும் பார்த்தோம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. இழுக்க ஸ்லைடே இல்லை என்பது நிம்மதி, விசையோ பாறை. வாத விரலுக்கு அது தண்டனை.

கடைசியில் ஷீல்டு ஈஇசட். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்: ஆங்கிலத்தில் சேர்த்து வாசித்தால் 'ஈஸி', அதாவது சுலபம். .380 பதிப்பு 2018-இல் வந்தது. எடை 525 கிராம், மேகசினில் எட்டு. ஸ்லைடு தேநீர்க்கடைப் பிஸ்கட் டப்பா மூடிபோல் வருகிறது. தடுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, மேகசினை விடுவிக்கும் பொத்தானை இடக்கைக்கு மாற்றிப் பொருத்தலாம். மேகசினுக்குள் தோட்டாவை நிரப்பும்போது சுருளை அழுத்திப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. இதற்கும் லேசர்கார்டு கிடைக்கிறது. நடுவிரலால் எரிவது, எந்தக் கையானாலும் ஒன்றே. ஒரே குறை, பெரிது. சட்டைப்பையில் போட முடியாது. அவருக்கு அது பொருட்டில்லை, கல்லாவுக்குக் கீழே பூட்டுப்பெட்டியில்தான் இருக்கப்போகிறது.

லேசரின் பெரிய பயன் எங்களுக்கு வேறொரு இடத்தில் கிடைத்தது. வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்று இருவரும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளிச்சுவரை நோக்கி வெறும் விசையை இழுத்துப் பழகுவோம். லேசர் எரிந்துகொண்டிருந்தால் கை செய்யும் திருட்டுத்தனம் எல்லாம் சுவரில் தெரிந்துவிடும். நான் விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சிவப்புப் புள்ளி இடப்பக்கம் கீழே வழுக்கியது. விரல் மட்டும் இழுப்பதற்குப் பதில் முழுக் கையையும் இறுக்குகிறேன் என்பதை அந்த வழுக்கல்தான் காட்டிக்கொடுத்தது. மனைவியின் புள்ளி அசையவில்லை. கோலம் போட்ட கை. இரண்டு வாரம் தினம் பத்து நிமிடம் பழகிய பிறகு என் புள்ளி ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் அடங்கியது, சுடுதளத்தில் குண்டுகளும் அடங்கின.

தீமையும் சொல்ல வேண்டும். புள்ளி மின்மினிபோல் துடிப்பதைப் பார்த்து, அது நிற்கட்டும் என்று காத்திருந்து, நின்ற கணத்தில் விசையை வெடுக்கென்று இழுப்பது புதியவர்கள் எல்லாருக்கும் வரும் வியாதி. புள்ளி எப்போதும் ஆடும், ஆடட்டும் என்று விட்டுவிட்டு மெதுவாக இழுக்கப் பழக வேண்டும். முன்குறி, பின்குறியை மறந்துவிடவும் கூடாது, ஏனென்றால் பேட்டரி தீரும். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு இணையத்தில் நாற்பது டாலருக்கு ஒரு லேசர் வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டாவது பெட்டித் தோட்டா முடிவதற்குள் திருகு கழன்று, புள்ளி பக்கத்து வரிசைக்காரரின் அட்டையில் போய் நின்றது. சிவப்புப் புள்ளியை நெஞ்சில் பார்த்ததும் திருடன் கைதூக்கிவிடுவான் என்ற சினிமாக் கற்பனைக்கும் இடம் இல்லை. மேல்சட்டை போட்டவனுக்குத் தன் நெஞ்சில் விழுந்த புள்ளி தெரியவே தெரியாது. கல்லாப் பணம் கேட்டால் கொடுத்துவிடுவது என்பதுதான் எங்கள் கடையின் முதல் விதி, இன்றும்.

உறை விஷயத்தில் ஏமாறாதீர்கள். லேசர் மாட்டிய பிறகு பழைய உறை சேராது. அந்தப் பிஸ்டல், அந்த லேசர் இரண்டின் பெயரையும் சொல்லி, விசைக்கூண்டை முழுதாக மூடும் கெட்டியான உறையை வாங்க வேண்டும். லேசருக்கு 100 முதல் 300 டாலர், உறைக்கு இன்னொரு 50, 60 என்று சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நான் வாங்கியது பி365, லேசர்கார்டோடு, சிவப்பு. மனைவிக்கு ஈஇசட், அதுவும் லேசர்கார்டுதான், பச்சை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர், அலைநீளக் கணக்கை நான் சொல்லி முடிப்பதற்குள் தேர்ந்தெடுத்துவிட்டார். இரண்டுக்கும் விரல்ரேகைப் பூட்டுப்பெட்டிகள். பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சஸில் குற்றம், எங்கள் இளையவனுக்குப் பதின்மூன்று. சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையில் பெரிய எழுத்தில் 'இந்தியாவுக்கு அல்ல' என்று மனைவி எழுதி ஒட்டியிருக்கிறார். பை மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு ஊர் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, ஆயுதச் சட்டத்தில் வழக்கு வாங்கியவர்களின் செய்தியை அவர் தவறாமல் படிப்பார். பேட்டரிகளை மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தைத் திருத்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றிவிடுகிறோம். போன நவம்பரில் எடுத்துப் பார்த்தபோது அவருடைய பச்சை மங்கியிருந்தது. என்னைவிட அதிகமாகப் பழகியிருக்கிறார்.